எலெக்ட்ரிக் கிட்டாரில் கரகரப்பு: பாட், ஸ்விட்ச், ஜாக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலெக்ட்ரிக் கிட்டாரைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், சந்தேகங்கள் வரிசைகட்டி வரும். திருப்பினால் கரகரக்கிறது, தட்டினால் சத்தம் போகிறது, ஆட்டினால் வருகிறது: சுற்றிச் சுற்றி இதே புகார்கள்தான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுப்பதற்கு முன் முதல் மூன்று பதில்களையாவது படித்துவிடுங்கள். எங்கே கோளாறு என்று தெரியாமல் எல்லா ஓட்டைகளிலும் ஸ்ப்ரே அடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வருகிறது. கிட்டார் கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வரும் கோளாறுகளில் மிகச் சாதாரணமானது இது. குமிழுக்கு அடியில் பொட்டென்ஷியோமீட்டர் என்ற உறுப்பு இருக்கிறது. இனி சுருக்கமாக பாட் என்கிறேன். அதன் உள்ளே வளைவாக ஒரு கரித்தடம். தடத்தின் மேல் ஒரு சிறு உலோக நாக்கு அழுந்தியபடி நகரும். நீங்கள் குமிழைத் திருப்பும்போது உண்மையில் நகர்வது அந்த நாக்குதான். தடத்தில் தூசியோ, தேய்ந்து உதிர்ந்த கரித்துகளோ சேர்ந்தாலும், நாக்கில் களிம்பு ஏறினாலும் தொடுகை விட்டுவிட்டு ஏற்படும். அந்தக் கண நேரத் துண்டிப்புகளை ஆம்ப்ளிஃபையர் பல மடங்கு பெருக்கி நம் காதில் போடுகிறது.

பெரும்பாலும் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். ஆகாவிட்டால் பாட்டை மாற்றலாம். மரத்துக்கோ, பிக்கப்புக்கோ (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்), கம்பிகளுக்கோ இதில் எந்தச் சேதமும் இல்லை.

சத்தம் கிட்டாரிலிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த இன்னொரு கேபிளை மாட்டிப் பாருங்கள். பெடல்கள் (ஒலியை மாற்றக் காலால் இயக்கும் பெட்டிகள்) அனைத்தையும் விலக்கிவிட்டு, கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகுங்கள். சத்தம் மறைந்துவிட்டால் கிட்டாரைத் திறக்கவே வேண்டாம். அடுத்து, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஆம்ப்பின் குமிழ்களை மட்டும் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் பாட்தான் இருக்கிறது, அதுவும் கரகரக்கும். முடிந்தால் வேறொரு கிட்டாரை அதே கேபிளில், அதே ஆம்ப்பில் மாட்டிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிளையும் பெடலையும் சேர்த்து மாற்றிவிட்டு, சத்தம் போய்விட்டது என்று மகிழ்ந்தால் குற்றவாளி யார் என்பது கடைசிவரை தெரியாது.

கிட்டாருக்குள் எந்த இடம் என்று திறக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எப்போது சத்தம் வருகிறது என்பதிலேயே விடை இருக்கிறது. குமிழைத் திருப்பும்போது மட்டும் வந்தால் பாட். ஸ்விட்சை நகர்த்தும்போது வந்தாலோ, ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும் ஒலி மங்கினாலோ ஸ்விட்ச். எதையும் தொடாமல் நடக்கும்போது, திரும்பும்போது, கேபிள் லேசாக இழுபடும்போது வந்தால் ஜாக், அதாவது கிட்டாரில் கேபிளைச் செருகும் இடம். கிட்டாரின் உடலை விரலால் தட்டினாலே சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஜாக், அல்லது உள்ளே விடுபட்ட ஏதோ ஒரு சால்டர் (ஈயப் பற்றவைப்பு) இணைப்பு.

இன்னொரு சோதனையும் உண்டு. ஆம்ப்பின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, சிறிய ஸ்க்ரூடிரைவரின் இரும்பு நுனியால் ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் மெல்லத் தட்டுங்கள். இயங்கும் பிக்கப் ‘டொக்’ என்று தெளிவாகப் பதில் சொல்லும். ஸ்விட்சின் ஒவ்வொரு நிலையிலும் இப்படித் தட்டிப் பார்த்து, எந்த நிலையில் எந்த பிக்கப் பேசுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தட்டும் சோதனை என்று கீழே குறிப்பிடுகிறேன்.

சுவரில் இருக்கும் லைட் ஸ்விட்ச் பல வருடம் ஓடுகிறதே, கிட்டார் ஸ்விட்ச் மட்டும் ஏன் இப்படி?

நல்ல கேள்வி. லைட் ஸ்விட்சில் ஓடும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் அதிகம். தொடுமுனையில் படியும் மெல்லிய களிம்புப் படலத்தை அந்த மின்சாரமே உடைத்துக்கொண்டு போய்விடும். கிட்டார் பிக்கப் தருவதோ ஒரு வோல்ட்டின் சிறு பகுதி; பாட் வழியாக ஓடும் மின்னோட்டம் மைக்ரோஆம்பியர் கணக்கு. இவ்வளவு நோஞ்சானான சமிக்ஞைக்குக் கண்ணுக்கே தெரியாத படலமும் சுவர்தான்.

அதனால்தான் கிட்டாரை ஆறு மாதம் பெட்டிக்குள் வைத்து எடுத்தால், வைக்கும்போது இல்லாத கரகரப்பு எடுக்கும்போது இருக்கிறது. அடிக்கடி திருப்பப்படும் பாட்டும் நகர்த்தப்படும் ஸ்விட்சும் தங்கள் தொடுமுனைகளைத் தாங்களே தேய்த்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். எப்போதும் 10-லேயே நிற்கும் டோன் குமிழ் அதிகம் கரகரப்பதும் இதனால்தான். ஸ்ப்ரே வாங்கும் முன் எல்லாக் குமிழ்களையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை முப்பது, நாற்பது தடவை திருப்பிப் பாருங்கள். சில நேரம் அதிலேயே வேலை முடிந்துவிடும்.

உள்ளே கை வைத்தால் ஷாக் அடிக்குமா?

கேபிளைப் பிடுங்கிவிட்ட சாதாரண கிட்டாருக்குள் ஷாக் அடிக்க எதுவும் இல்லை. பேட்டரி உள்ள கிட்டாரிலும் 9 வோல்ட்தான். ஆம்ப்பின் கதை வேறு. வால்வு ஆம்ப்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். ஆம்ப்பின் பாட் கரகரத்தால் அதைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

கிட்டார் கம்பியையோ மைக்கையோ தொட்டால் சுரீரென்று அடிக்கிறது என்றால், அது கிட்டாரின் கோளாறு அல்ல. ஆம்ப்பிலோ அந்த இடத்தின் மின் இணைப்பிலோ எர்த் சரியில்லை. சரிசெய்யும்வரை வாசிக்காதீர்கள்.

வீட்டில் டபிள்யூடி-40 இருக்கிறது. அதையே அடித்துவிடலாமா?

வேண்டாம். 1953-இல் உலோகத்தின் மேலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்ட கலவை அது. அடித்தவுடன் கரகரப்பு நின்றுபோகும். அதனால்தான் இந்த வழக்கம் ஒழியவே மாட்டேன் என்கிறது. ஆனால் அது விட்டுப்போகும் எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டிக்கொள்ளும். சில மாதங்களில் பழைய கரகரப்பு சேற்றோடு திரும்பி வரும். அதே நிறுவனம் தனியாக ஒரு கான்டாக்ட் கிளீனரும் விற்கிறது. அது வேறு பொருள், அதைப் பயன்படுத்தலாம். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

கான்டாக்ட் கிளீனர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று அழுக்கைக் கழுவிவிட்டு முழுவதும் ஆவியாகிவிடும். இன்னொன்று கழுவிவிட்டு மெல்லிய மசகுப் படலத்தை விட்டுச்செல்லும். பாட்டுக்கு இரண்டாவது வகையே நல்லது. வறட்டுத் தடத்தில் நாக்கு உரசினால் தேய்மானம் கூடும். டீஆக்ஸிட் வரிசையில் டி5 உலோகத் தொடுமுனைகளுக்கு, அதாவது ஸ்விட்சுக்கும் ஜாக்குக்கும் ஏற்றது. ஃபேடர் எஃப்5 கரித்தடத்துக்கு ஏற்றது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், டப்பாவின் மேல் பிளாஸ்டிக்கைப் பாதிக்காது என்று எழுதியிருக்கும் மசகுள்ள கிளீனர் ஒன்றை வாங்கி எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, பாட்டை எப்படிச் சுத்தம் செய்வது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

கேபிளைப் பிடுங்குங்கள். பின்பக்க மூடியோ, பிக்கார்ட் எனும் முன்பக்க பிளாஸ்டிக் தகடோ, எதன் அடியில் பாட் இருக்கிறதோ அதைக் கழற்றுங்கள். பிக்கார்டைக் கழற்ற வேண்டுமானால் கம்பிகளை முதலில் தளர்த்த வேண்டும். உடனே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்பது பிறகு நினைவில் நிற்காது. கிட்டாரின் உடல் மேல் பழைய துணியைப் போட்டு மூடுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள கிட்டாராக இருந்தால் இதில் அலட்சியம் கூடாது; சில கிளீனர்களின் கரைப்பான் அந்தப் பூச்சை இளக்கிவிடும்.

பாட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். மூன்று கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, உலோக உறைக்கும் பழுப்புத் தகட்டுக்கும் நடுவில் ஒரு சிறிய இடைவெளி தெரியும். கிளீனரின் மெல்லிய குழாயை அங்கே வைத்து அரை நொடி அழுத்தினால் போதும். குளிப்பாட்ட வேண்டாம். உடனே குமிழை முழுவதுமாக இரு பக்கமும் இருபது, முப்பது தடவை திருப்புங்கள். கரைந்த அழுக்கை வெளியே தள்ளுவது அந்தத் திருப்பல்தான். ஸ்ப்ரே பாதி வேலைதான் செய்கிறது. வழிந்ததைத் துடைத்துவிட்டு, இன்னொரு முறை சிறிதளவு அடித்து மறுபடி திருப்புங்கள்.

கால் மணி நேரமாவது காயவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பல கிளீனர்கள் தீப்பற்றக்கூடியவை. ஈரம் இருக்கும்போது பக்கத்தில் சால்டரிங் அயர்னைக் கொண்டுவர வேண்டாம்.

மூடியைக் கழற்றச் சோம்பலாக இருக்கிறது. குமிழை மட்டும் பிடுங்கிவிட்டு மேலிருந்து அடித்தால் உள்ளே போகாதா?

போகும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. தண்டைச் சுற்றிக் கெட்டியான கிரீஸ் வைத்திருப்பார்கள். குமிழ் வழவழப்பாகவும் சிறிது இறுக்கமாகவும் திரும்புவது அதனால்தான். மேலிருந்து அடித்தால் அந்த கிரீஸ் கரைந்து, நாக்கும் தடமும் இருக்கும் இடத்துக்கே வடியும். கடைசியில் குமிழ் தொளதொளவென்று சுற்றும், கரகரப்பும் இருக்கும். நான்கு ஸ்க்ரூதானே, கழற்றுங்கள்.

சுத்தம் செய்தேன், இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி வந்துவிட்டது. ஏன்?

தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அழுக்கு என்றால் கரகரப்பு குமிழின் பாதை முழுவதும் பரவலாக இருக்கும். தேய்மானம் என்றால் எப்போதும் ஒரே இடத்தில், உதாரணமாக 7-க்கும் 8-க்கும் நடுவில், சத்தம் வெட்டுப்படும். கரி உதிர்ந்துபோன இடத்தை எந்த கிளீனரும் வளர்த்துத் தராது. மாற்ற வேண்டியதுதான்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் நடுக் காலுக்கும் ஓரக் காலுக்கும் இடையே மின்தடையை அளந்தபடி குமிழை மெதுவாகத் திருப்பலாம். எண் தொடர்ச்சியாக மாற வேண்டும். நடுவில் தாவினால் அந்த இடம் போய்விட்டது. ஒரு எச்சரிக்கை: மின்கம்பிகளைக் கழற்றாமல் வால்யூம் பாட்டின் இரு ஓரக் கால்களுக்கு நடுவே அளந்தால், 500 கிலோஓம் என்று அச்சிட்ட பாட் 7 அல்லது 8 கிலோஓம்தான் காட்டும். பயப்படாதீர்கள். நீங்கள் அளந்துகொண்டிருப்பது பாட்டோடு இணைந்திருக்கும் பிக்கப்பின் சுருளை. பாட்டின் சரியான அளவு வேண்டுமானால் பிக்கப்பிலிருந்து வரும் கம்பியை விடுவித்துவிட்டு அளக்க வேண்டும். அப்போதும் எழுதியிருக்கும் அளவிலிருந்து 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது வழக்கம்தான்.

புதிய பாட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பழையதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள கிட்டார்களில் பெரும்பாலும் 250 கிலோஓம், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) உள்ளவற்றில் 500 கிலோஓம். எண்ணோடு ‘ஏ’ என்றிருந்தால் ஆடியோ டேப்பர் (காது உணரும் விதத்துக்கு ஏற்ப மாறுவது), ‘பி’ என்றிருந்தால் லீனியர் (திருப்பும் அளவுக்குச் சமமாக மாறுவது). இப்போது வரும் பெரும்பாலான பாட்களில் இதுதான் முறை. வால்யூமுக்கு லீனியர் போட்டால், குமிழைத் திருப்பும் தூரத்தில் பெரும்பகுதி ஒன்றும் குறையாதது போலத் தோன்றி, கடைசியில் திடீரென்று அடங்கிப்போகும்.

அளவுகளில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்க அளவில் செய்த பாட்டின் மரை கழுத்து 3/8 அங்குலம், அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர். மெட்ரிக் அளவு பாட்களில் அது இதைவிடச் சிறியது. பெரியதை வாங்கினால் ஓட்டையை அகலப்படுத்த வேண்டிவரும். தண்டிலும் வேறுபாடு உண்டு: அமெரிக்க வகையின் பிளவுத் தண்டில் 24 பற்கள், மெட்ரிக் வகையில் 18. ஒன்றின் குமிழ் மற்றதில் உட்காராது. சுத்தியலால் தட்டி உட்கார வைக்கவும் கூடாது.

ஐந்து நிலை ஸ்விட்சில் ஒரு நிலையில் மட்டும் சத்தம் வரமாட்டேன் என்கிறது. பிக்கப் போய்விட்டதா?

தட்டும் சோதனையில் எழுதிவைத்த தாளை எடுங்கள். வழக்கமான மூன்று பிக்கப் கிட்டாரில் 1-ஆம் நிலை பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கத்து பிக்கப், 2 பிரிட்ஜும் நடுவும், 3 நடு, 4 நடுவும் கழுத்தும், 5 கழுத்து. கழுத்து பிக்கப் 5-இல் ஊமையாக இருந்து 4-இல் பேசினால் பிக்கப் உயிரோடுதான் இருக்கிறது. ஸ்விட்சின் அந்தத் தொடுமுனைதான் குற்றவாளி. 4, 5 இரண்டிலுமே ஊமை என்றால், பிக்கப்பிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் கம்பியையும் அதன் சால்டரையும் பாருங்கள். இந்த ஒரு தர்க்கம் தெரியாமல் நல்ல பிக்கப்பை மாற்றியவர்கள் ஏராளம்.

இந்த ஸ்விட்சின் வரலாறு சுவாரசியமானது. 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று நிலைதான் இருந்தது. இரண்டு நிலைகளுக்கு நடுவே பிடியை லேசாக நிறுத்தினால் இரு பிக்கப்புகளும் சேர்ந்து ஒலிப்பதை வாசிப்பவர்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள். தயாரிப்பாளர்கள் 1977-இல்தான் ஐந்து நிலை ஸ்விட்சை வழக்கமாக்கினார்கள். பழைய மூன்று நிலை ஸ்விட்சில் பிடியை நடுவில் நிறுத்தி வாசித்துவிட்டு ‘சரியாக உட்காரவில்லை’ என்று புகார் சொன்னால், அது கோளாறு அல்ல, அதன் பிறவிக் குணம்.

சுத்தம் செய்வது ஸ்விட்சின் அமைப்பைப் பொறுத்தது. திறந்த சட்டமுள்ள வகையில் தொடுமுனைகள் கண்ணுக்குத் தெரியும்; அவற்றின் மேல் சிறிது அடித்து, பிடியை இருபது தடவை ஆட்டினால் போதும். நகரும் துண்டு தகட்டை உரசும் பாதையில் கறுப்பாக ஒரு கோடு படிந்திருந்தால் பஞ்சுக் குச்சியால் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த வகையில் மேல் பிளவு வழியாகத்தான் அடிக்க முடியும். பலன் தராவிட்டால் மாற்றிவிடுங்கள். அதைப் பிரித்து மேய்வது நேர விரயம்.

லெஸ் பால் வகை கிட்டாரில் இருக்கும் மூன்று நிலை டாகிள் ஸ்விட்சுக்கும் இதே முறைதானா?

அமைப்பு வேறு, எனவே முறையும் வேறு. திறந்த வகை டாகிளில் நீளமான உலோகப் பட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். பிடி நடுவில் இருக்கும்போது இரு ஜோடிகளும் ஒட்டியிருக்கும். பிடியை ஒரு பக்கம் தள்ளினால் ஒரு ஜோடி விலகி, அந்த பிக்கப் அணையும். அதாவது ஒலிக்கும் பிக்கப்பின் ஜோடி சும்மா இருக்கிறது. தன் சொந்த வில் விசையால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த விசை தளர்ந்தாலோ முனையில் களிம்பு ஏறினாலோ ஒலி விட்டுவிட்டு வரும்.

சாதாரண வெள்ளைத் தாளை விரல் அகலத்துக்கு வெட்டி, கிளீனரில் நனைத்து, பிடியைத் தள்ளி விலகிய ஜோடிக்குள் நுழையுங்கள். பிடியை விட்டால் முனைகள் தாளைக் கவ்வும். தாளை மெதுவாக உருவுங்கள். தாளில் கறுப்பாக ஒரு கோடு விழும். கோடு விழாமல் தாள் வெள்ளையாகவே வரும்வரை புதுத் துண்டுகளால் திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகும் விட்டுவிட்டு ஒலித்தால், பட்டையைக் கூர்மூக்குக் குறடால் மயிரிழை அளவு உள்நோக்கி வளைக்கலாம். இரண்டு முறை முன்னும் பின்னும் வளைத்தால் பட்டை முறிந்துவிடும், ஜாக்கிரதை.

தாளால் தேய்ப்பதற்குப் பதிலாக உப்புத்தாளால் தேய்த்தால் சீக்கிரம் பளபளக்குமே?

பளபளக்கும், சீக்கிரம் சாகவும் செய்யும். தொடுமுனைகளின் மேலிருப்பது மெல்லிய வெள்ளி முலாம். உப்புத்தாள் அதை உரித்துவிட்டால் அடியில் இருக்கும் உலோகம் முன்பைவிட வேகமாகக் களிம்பு பிடிக்கும். பென்சில் அழிப்பானும் அதே ரகம்தான், சற்று மெதுவாக.

பிளக்கை ஆட்டினால் சத்தம் வருகிறது, விட்டால் போய்விடுகிறது. கேபிளை மாற்றியும் அப்படியே இருக்கிறது.

ஜாக். கிட்டாரில் அதிகம் அடிபடும் உறுப்பு இதுதான், ஆனால் எல்லோரும் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். ஜாக்கைக் கழற்றி வெளியே எடுத்து, பிளக்கைச் செருகியபடியே பாருங்கள். 6.35 மில்லிமீட்டர் பிளக்கின் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. ஜாக்கின் வளைந்த பட்டை அந்தப் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். செருகும்போது ‘க்ளக்’ என்ற உறுதியான சத்தம் கேட்க வேண்டும். பட்டை தொட்டும் தொடாமலும் நின்றால், பிளக்கை எடுத்துவிட்டு அதைக் குழலின் மையம் நோக்கிச் சிறிது வளையுங்கள். பட்டையின் நுனியையும், பிளக்கின் உடல் உரசும் குழலின் உட்புறத்தையும் கிளீனரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் உருட்டித் துடையுங்கள். குழல்தான் எர்த். அது அழுக்கானால் கரகரப்போடு இரைச்சலும் சேர்ந்து வரும்.

நட்டு தளர்ந்து ஜாக் முழுவதும் சுற்றுகிறதா? வெளியிலிருந்து நட்டை மட்டும் இறுக்காதீர்கள். உள்ளே ஜாக்கும் கூடவே சுற்றி, கம்பிகள் முறுக்கிக்கொண்டு சால்டர் விட்டுப்போகும். மூடியைத் திறந்து, ஜாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். நடுவில் பல்லுள்ள வாஷர் ஒன்று போட்டால் மறுபடி எளிதில் தளராது.

சால்டர் இணைப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. ஈயம் கலந்த சால்டரில் நல்ல இணைப்பு பளபளப்பாக, கம்பியைத் தழுவிக்கொண்டு படர்ந்திருக்கும். மங்கலாக, பொரிபொரியாக, உருண்டையாகத் திரண்டு நின்றால் சந்தேகப்படுங்கள். ஒரு மரக்குச்சியால் ஒவ்வொரு கம்பியையும் மெல்ல அசையுங்கள், ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கட்டும். எந்தக் கம்பியை அசைக்கும்போது வெடிக்கிறதோ அதுதான்.

திரும்பப் பற்றவைக்க, ரெசின் உள்ள 60/40 அல்லது 63/37 (வெள்ளீயம்/ஈயம் சதவீதம்) சால்டர் வசதியானது. 63/37 கலவை 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகி, சட்டென்று இறுகும். பாட்டின் முதுகு வெப்பத்தை நன்றாக உறிஞ்சும். வலுவற்ற அயர்னை அங்கே நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் கரித்தடம் வெந்துவிடும். சூடான அயர்னால் சில நொடிகளில் முடித்துவிடுவதுதான் பாதுகாப்பு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

வாசிக்கும் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, கையை எடுத்தால் வருகிறது. இதற்கும் ஸ்ப்ரே அடிக்க வேண்டுமா?

வேண்டாம். அது தொடுமுனைக் கோளாறே அல்ல. கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்திருப்பதால், தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு. தொட்டால் இரைச்சல் கூடினால்தான் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பியைத் தேட வேண்டும்.

எதையும் திருப்பவில்லை. பிளாஸ்டிக் பிக்கார்டை விரலால் தடவினாலே சடசடக்கிறது.

உராய்வினால் சேரும் நிலைமின்சாரம். வறண்ட காலத்தில் அதிகம். பிக்கார்டின் அடிப்பக்கத்தில் செம்பு அல்லது அலுமினியத் தாளை ஒட்டி, அது பாட்டின் உடலைத் தொடும்படி செய்தால் அடங்கும். தற்காலிகமாக, லேசாக ஈரமான துணியால் துடைத்தாலும் போதும்.

வயலின் போல ‘எஃப்’ ஓட்டை உள்ள கிட்டார். பின்பக்க மூடியே இல்லையே, பாட்டை எப்படி எடுப்பது?

அந்த ஓட்டை வழியாகத்தான். எளிய வேலை என்று பொய் சொல்ல மாட்டேன். நட்டைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு தண்டிலும் ஒரு உறுதியான நூலைக் கட்டி, அல்லது தண்டின் மேல் இறுக்கமாக உட்காரும் ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனை வெளியே நிற்கும்படி விடுங்கள். எந்த நூல் எந்த ஓட்டைக்கு உரியது என்று நுனியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாட்டை உள்ளே இறக்கி, ஓட்டை வழியாக வெளியே எடுத்து, மேலே சொன்னபடி சுத்தம் செய்யலாம். திரும்ப வைக்கும்போது நூலை இழுத்தால் தண்டு தன் ஓட்டைக்குத் தானே வந்து சேரும். நூல் கட்டாமல் இறக்கிவிட்டால் ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடும்.

பேட்டரி உள்ள கிட்டார். ஒலி உடைந்து கரகரக்கிறது, சில நேரம் ஒலியே இல்லை.

முதலில் பேட்டரியை மாற்றுங்கள். தீரும் தறுவாயில் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தரும் ஒலியும் கரகரவென்றுதான் இருக்கும், ஆனால் அது குமிழோடு சம்பந்தமில்லாமல், ஓங்கி அடிக்கும்போது வரும். அடுத்தது ஜாக். இந்த வகை கிட்டார்களில் ஸ்டீரியோ ஜாக்கையே பேட்டரியின் ஸ்விட்சாகப் பயன்படுத்துகிறார்கள்: பிளக்கைச் செருகும்போதுதான் பேட்டரியின் கறுப்புக் கம்பி எர்த்தோடு இணைகிறது. எனவே ஜாக்கில் இரண்டு பட்டைகள் இருக்கும். இரண்டையும் துடைக்க வேண்டும். பாட் மாற்றுவதானால் இங்கே 250, 500 கணக்கு பொருந்தாது. 25 கிலோஓம்தான் பரவலாக இருக்கும், பழையதைப் பார்த்து வாங்குங்கள்.

டோன் குமிழ் 10-ஐ அடையும்போது மட்டும் ‘டிக்’ என்கிறது. எவ்வளவு சுத்தம் செய்தும் போகவில்லை.

சுத்தம் செய்வதை நிறுத்துங்கள், அது நோ-லோட் பாட்டாக இருக்கலாம். 10-இல் கரித்தடத்தின் தொடர்பு வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டிருக்கும். டோன் சர்க்யூட் முழுவதும் விலகி ஒலி சற்றுப் பிரகாசமாகும். அந்த ‘டிக்’ அதன் வாசற்படி.

அறுபதுகளின் கிட்டார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பாட் கரகரக்கிறது. மாற்றிவிடலாமா?

பொறுங்கள். பாட்டின் உறையில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். 137 என்று தொடங்கினால் தயாரித்தது சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். 1376632 என்றால் 1966-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். கிட்டாரின் வயதைச் சொல்லும் சாட்சிகளில் அது ஒன்று. சேகரிப்பவர்கள் சால்டர் கலைக்கப்படாமல் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்கள். ஒருமுறைக்கு இருமுறை பொறுமையாகச் சுத்தம் செய்யுங்கள். மாற்றியே தீர வேண்டும் என்றால் பழைய பாட்டை ஒரு உறையில் போட்டு, கிட்டாரின் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

புத்தம் புதிய, நல்ல பாட் போட்டேன். சால்டரும் ஜாக்கும் சரி. இருந்தும் முதல் நாளிலிருந்தே கரகரக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

இரண்டாவது பதிலுக்குப் போங்கள் என்கிறேன். பெடல்களை விலக்கிப் பார்த்தீர்களா? பாட்டின் வழியாக நேர்மின்னோட்டம் கசிந்தால், சுத்தமான தடத்திலும் நாக்கின் ஒவ்வொரு அசைவும் கேட்கும். பேட்டரியில்லாத கிட்டாருக்குள் நேர்மின்னோட்டம் பிறக்க வழியில்லை; எனவே அது கேபிள் வழியாக வெளியிலிருந்துதான் வருகிறது. பழைய ஃபஸ் பெடல்களின் (ஒலியைக் கரடுமுரடாக்கும் பெடல்கள்) நுழைவாயிலில் ஒரு கெப்பாசிட்டர் நேர்மின்னோட்டத்தைத் தடுத்து நிற்கும். அது கசியத் தொடங்கினால் பெடலின் மின்னழுத்தம் கிட்டார்வரை வந்துவிடும். வால்வு ஆம்ப்பில் முதல் வால்வு பழுதானாலும் இதே கதை.

சோதிப்பது எளிது. கேபிளின் ஒரு முனை பெடலிலோ ஆம்ப்பிலோ இருக்கட்டும், அதை இயக்குங்கள். கிட்டாரிலிருந்து பிடுங்கிய மறுமுனை பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் நடுவே, மல்டிமீட்டரை நேர்மின்னழுத்த அளவில் வைத்துத் தொடுங்கள். ஏறத்தாழ பூஜ்ஜியம் காட்ட வேண்டும். பத்துக்கணக்கில் மில்லிவோல்ட் நிலையாக நின்றால் கிட்டாரை மூடி ஸ்க்ரூவை முடுக்கிவிடுங்கள். மாற்ற வேண்டியது பெடலின் நுழைவாயில் கெப்பாசிட்டரை, ஆம்ப் என்றால் முதல் வால்வை.